கடன் இல்லாமல் கடல் காண்போம்

‘கடற்கரையில் ஒரு நாள்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், எங்கள் மலையில் பிள்ளைகள் பலர் பாட நூலில் படித்த கடலையே எழுதி வைக்கிறார்கள். அலை வெண்மையாக இருந்தது, மணலில் வீடு கட்டினோம், சிப்பி பொறுக்கினோம் என்று எல்லா நோட்டுப் புத்தகத்திலும் ஒரே கடல். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேயிலைச் சரிவில் பிறந்து, பனிமூட்டத்தில் பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளை, காணாத கடலைப் பற்றி வேறு என்ன எழுதும்?

பெற்றோரிடம் இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். “தீவு, படகு எல்லாம் காசு உள்ளவங்க சமாச்சாரம், சார்” என்பது ஒன்று. “போன வருசம் போயிட்டு வந்தோம் சார், வாங்கின கடன்தான் இன்னும் அடையல” என்பது மற்றொன்று. ஒரு வீட்டில் ஆசையே இல்லை. மற்ற வீட்டில் ஆசைக்குக் கணக்கு இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மூன்று குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி, பத்து மாதம் பொறுமையாகச் சேமித்தால், நாமும் தனிப் படகு அமர்த்தித் தீவுகளைச் சுற்றி வரலாம். ஒரு வெள்ளிகூடக் கடன் இல்லாமல் வீடு திரும்பலாம். எப்படி என்று பார்ப்போம்.

கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்

கடல் நமக்குப் புதிதன்று. நம் பாட்டன் பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, டெக்குப் பயணிகளாக வங்கக் கடலைக் கடந்து பினாங்கில் இறங்கியவர்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் வயதானவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். வந்திறங்கியவர்களை நோய்ப் பரிசோதனைக்காகப் பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரெஜாக் தீவில் தங்க வைத்த காலமும் இருந்தது. இந்த மண்ணில் அவர்கள் பலர் முதலில் கண்ட தீவு, வெளியே போக அனுமதி இல்லாத தீவு.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாங்களே விரும்பி ஒரு தீவுக்குச் சென்று, தாங்கள் விரும்பிய நேரத்தில் திரும்பி வருவதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்காகக் கடன்காரர் வாசலில் நிற்கவும் கூடாது.

மத்தியதரைக் கடலில் எப்படிச் செய்கிறார்கள்?

கிரீஸ், குரோஷியா, இத்தாலி ஆகிய நாடுகளின் தீவுகளுக்கிடையே பாய்மரப் படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து விடுமுறையைக் கழிப்பது ஐரோப்பியரின் வழக்கம். ‘யாட்’ எனப்படும் இந்தப் படகில் படுக்கை உண்டு, சமையலறை உண்டு. கோடீஸ்வரர்கள் மட்டுமே இதில் போகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. மாதச் சம்பளக்காரர்களும் போகிறார்கள். அவர்கள் கையாளும் முறைகள் நான்கு.

முதலாவது, படகின் வாடகை படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. எட்டுப் பேர் படுக்கக்கூடிய படகை நான்கு பேர் எடுத்தாலும் அதே பணம், எட்டுப் பேர் எடுத்தாலும் அதே பணம். ஆகவே அவர்கள் முதலில் ஆள் சேர்த்து, பிறகுதான் படகு தேடுகிறார்கள்.

இரண்டாவது, பருவம். அங்கே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வாடகை உச்சத்தில் இருக்கும். அதே படகுக்கு மே மாதத்திலும் அக்டோபரிலும் வாடகை வெகுவாகக் குறைந்துவிடும். அது மட்டுமன்று, ஏஜியன் கடலில் ‘மெல்தெமி’ என்ற வடகாற்று வேகமாக அடிப்பதும் அந்தக் கோடை மாதங்களில்தான். பணமும் மிச்சம், காற்றும் சாந்தம் என்று விவரம் தெரிந்தவர்கள் முன்னேயோ பின்னேயோ போய்விடுகிறார்கள்.

மூன்றாவது, பொதுப் பை. படகு புறப்படும் முன்பே ஒவ்வொருவரும் ஒரே அளவு பணத்தை ஒரு பையில் போடுகிறார்கள். எண்ணெய், துறைமுகக் கட்டணம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அந்தப் பையிலிருந்துதான். ‘நேற்று நான் கொடுத்தேன், இன்று நீ கொடு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான்காவது, விளம்பரத்தில் உள்ள விலையை முழு விலையாக எடுத்துக்கொள்வதில்லை. படகைப் பதிவு செய்யும்போது ஒரு பகுதி, புறப்படச் சில வாரம் முன் மீதி, சேதத்துக்கு ஈடாக முன்பணம், இறுதிச் சுத்தம் செய்யும் கட்டணம் என்று பல உண்டு. படகோட்டத் தகுதிச் சான்று இல்லாதவர்கள் மாலுமியை அமர்த்தி, அவருக்கு நாள் கூலியும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். இவை அனைத்தையும் எழுதிக் கூட்டிய பிறகுதான் ‘போகலாமா’ என்று முடிவு செய்கிறார்கள்.

கிரீஸுக்குப் போக விமானக் கட்டணத்துக்கே நாம் பல வருடம் சேமிக்க வேண்டும். ஆனால் இந்த நான்கு முறைகளையும் நம் நாட்டுத் தீவுகளுக்கு அப்படியே கொண்டு வரலாம்.

எந்தத் தீவு, எந்த மாதம்?

நாம் பகாங் மாநிலத்தவர். நம் மாநிலத்துத் தீவு என்றால் தியோமான்தான் முதலில் நினைவுக்கு வரும். அழகான தீவுதான். ஆனால் அது கிழக்குக் கரையில் இருக்கிறது. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது அங்கே கடல் கொந்தளிக்கும்; தங்கும் விடுதிகள் பல மூடிவிடும்; படகுப் போக்குவரத்தும் நிச்சயமில்லை. டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவது புத்திசாலித்தனமன்று.

அதே மாதங்களில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். கெடா மாநிலத்தின் லங்காவியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பரும் அக்டோபரும் அங்கே நல்ல மழை மாதங்கள். லங்காவி என்றால் ஒரே தீவு என்று எண்ணிவிடாதீர்கள். அது 99 தீவுகளின் கூட்டம். கடல் வற்றும்போது தலை காட்டுபவற்றையும் சேர்த்து 104 என்பார்கள். 1987 முதல் அது தீர்வை இல்லாத் தீவு. 2007-இல் யுனெஸ்கோ அதன் பழமையான பாறைகளுக்காக உலகப் புவிப் பூங்கா என்ற மதிப்பை அளித்தது.

டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் போகாதீர்கள். கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் கூட்டம் நெரியும். அறை வாடகையும் ஏறும். விடுமுறையின் முற்பகுதியில், வார நாட்களில் போவது நல்லது.

கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி, வடக்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால், கோலா கெடா அல்லது கோலா பெர்லிஸ் படகுத் துறைக்குப் போகலாம். கோலா கெடா நமக்குச் சாலை வழியில் கிட்ட. கடல் பயணம் கொஞ்சம் நீளம். கோலா பெர்லிஸ் சாலையில் தூரம், கடலில் கிட்ட. கடல் மயக்கம் உள்ளவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். பெர்ரி டிக்கெட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். பிள்ளைகளின் மைகிட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படகில் காணும் மூன்று தீவுகள்

லங்காவியில் படகு அமர்த்துபவர்கள் வழக்கமாகப் போகும் சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அதில் மூன்று தீவுகள்.

டாயாங் புந்திங் என்றால் கருவுற்ற மங்கை. கடலிலிருந்து பார்த்தால் மலை முகடுகள் ஒரு கர்ப்பிணிப் பெண் மல்லாந்து படுத்திருப்பது போல் தெரியும். தீவின் உள்ளே கடலை ஒட்டியே ஒரு நன்னீர் ஏரி. குழந்தைப் பேறு இல்லாத பெண்கள் அந்த நீரைத் தொட்டால் பலன் உண்டு என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஏரி ஆழமானது, மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கக் கூடாது. வழியெல்லாம் குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறித்துவிடும். சாப்பாட்டை மூடிய பையில் வையுங்கள். இங்கே நுழைவுக் கட்டணம் தனி.

அடுத்தது சிங்கா பெசார். இங்கே கடலின் மேல் வட்டமிடும் செம்பருந்துகளைக் காணலாம். நம்மவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவைதான். சில படகுக்காரர்கள் கோழித் தோலை வீசிப் பருந்துகளை வரவழைப்பார்கள். அது பறவைகளுக்கு நல்லதில்லை என்று இயற்கை ஆர்வலர்கள் எச்சரிக்கிறார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீனி போடாமலே அவை பறக்கத்தான் செய்யும்.

மூன்றாவது பெராஸ் பாசா. ஈர அரிசி என்று பொருள். வெண்மணலும் தெளிந்த நீரும் உள்ள சிறிய தீவு. பிள்ளைகள் மணல் வீடு கட்டும் இடம் இதுதான். தனிப் படகின் அருமையும் இங்கேதான் தெரியும். பொதுப் படகில் போனால் குறித்த நேரத்தில் ஏறியாக வேண்டும். தனிப் படகானால் இன்னும் அரை மணி இருக்கலாமா என்று படகோட்டியைக் கேட்கலாம்.

செலவு இரண்டு வகை

இனி கணக்குக்கு வருவோம். நோட்டுப் புத்தகத்தின் நடுவே ஒரு கோடு இழுங்கள். இடது பக்கம் ‘கூட்டத்துக்கு ஆகும் செலவு’; வலது பக்கம் ‘தலைக்கு ஆகும் செலவு’. வேன், வீடு, படகு ஆகியவை இடது பக்கம். ஆள் கூடினால் இவை பங்கில் குறையும். பெர்ரி டிக்கெட், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகியவை வலது பக்கம். ஆள் கூடினால் இவையும் கூடும்.

மூன்று குடும்பம், மொத்தம் 12 பேர், மூன்று பகல் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக நான் போட்டுக்கொண்டவை. நீங்கள் விசாரித்து அறியும் தொகையை அந்தந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு:
மலையிலிருந்து படகுத் துறைக்கு வேன், போக வர – 1,200 வெள்ளி
லங்காவியில் வேன் – 400 வெள்ளி
சமையலறை உள்ள வாடகை வீடு, 2 இரவு – 600 வெள்ளி
தீவுகளுக்குத் தனிப் படகு – 400 வெள்ளி
ஆக 2,600 வெள்ளி.

தலைக்கு:
பெர்ரி, போக வர 50 வெள்ளி வீதம் – 600 வெள்ளி
சாப்பாடு, நாளுக்கு 25 வெள்ளி வீதம் – 900 வெள்ளி
நுழைவுக் கட்டணங்கள், 15 வெள்ளி வீதம் – 180 வெள்ளி
ஆக 1,680 வெள்ளி.

இரண்டும் சேர்ந்து 4,280 வெள்ளி. இதன்மேல் அவசரத்துக்கென்று 520 வெள்ளி சேர்த்தால் 4,800 வெள்ளி. ஒரு குடும்பத்துக்கு 1,600 வெள்ளி.

இதே பயணத்தை இரண்டு குடும்பம் மட்டும் செய்தால் என்ன ஆகும்? கூட்டத்துச் செலவில் ஒரு குடும்பத்தின் பங்கு 867 வெள்ளியிலிருந்து 1,300 வெள்ளியாக ஏறிவிடும். ஒரே வேன், ஒரே படகு, ஒரே வீடு; ஆனால் 433 வெள்ளி அதிகம். ஆகவே முதலில் ஆளைச் சேருங்கள். பிறகு இடத்தைப் பேசுங்கள்.

படகிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொதுப் படகில் தலைக்கு 40 வெள்ளி, தனிப் படகு 400 வெள்ளி என்றால், பத்துப் பேரில் இரண்டும் சமம். பத்துக்கு மேல் இருந்தால் தனிப் படகு லாபம். ஐந்தாறு பேர்தான் என்றால் பொதுப் படகே மேல். வீம்புக்காகத் தனிப் படகு எடுக்க வேண்டியதில்லை.

வாரம் 40 வெள்ளி

1,600 வெள்ளி என்பது சிறிய தொகையன்று. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஏறக்குறைய ஒரு தொழிலாளியின் ஒரு மாத முழு உழைப்பு அது. அதனை ஒரே மாதத்தில் எடுத்தால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. ஆனால் வாரம் 40 வெள்ளி வீதம் 40 வாரம் ஒதுக்கினால் அதே 1,600 வெள்ளி சேர்ந்துவிடும். 40 வாரம் என்பது ஏறக்குறைய பத்து மாதம். பிப்ரவரியில் தொடங்கினால் டிசம்பருக்குத் தயார். வாரம் 40 முடியாது, 20தான் முடியும் என்றால் வருத்தப்பட வேண்டாம். பயணத்தை மறு வருடத்துக்குத் தள்ளுங்கள். தேதியைத் தள்ளிப் போடலாம். கடனைத் தள்ளிப் போட முடியாது.

பணத்தை எங்கே வைப்பது? வீட்டு டப்பாவில் வைத்தால் மழைக்காலச் செலவு தின்றுவிடும். கூட்டுப் பணம் கட்டி ஏலம் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கூட்டு நிதிக்கு எதிராக 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நடத்துபவர் பணத்தோடு மறைந்தால் புகார் செய்யவும் நமக்கு வாய் இருக்காது. 1974-இல் அமைக்கப்பட்ட தேசிய சேமிப்பு வங்கி, பி.எஸ்.என்., சிறு சேமிப்புக்கென்றே ஏற்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை மூன்று குடும்பமும் உட்கார்ந்து யாரிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

விடுப்புக்கும் கணக்குண்டு. 1955-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 8 நாளும், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 12 நாளும், அதற்கு மேல் 16 நாளும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் இரண்டு நாளைப் பயணத்துக்கென்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சம்பளமில்லா விடுப்பில் போனால் இழக்கும் கூலியும் பயணச் செலவுதான். அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை

பயணத்தில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் பணத்தால்தான். ஆகவே மூன்று விஷயங்களைப் புறப்படும் முன்பே பேசி, எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்று, ஒரு குடும்பம் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் என்ன செய்வது? வீட்டில் நோய் வரலாம், சாவு விழலாம். தலைக்கு ஆகும் செலவைத் திருப்பிக் கொடுக்கலாம். கூட்டத்துச் செலவில் அவர்கள் பங்கை, அந்த இடத்துக்கு வேறு குடும்பம் கிடைத்தால் மட்டுமே திருப்பிக் கொடுக்க முடியும். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கலாம். பிறகு முகம் பாராமல் இருப்பதைவிட முதலில் கூச்சப்படுவது மேல்.

இரண்டு, கடையில் வாங்குவது. தீர்வை இல்லாத் தீவு என்றதும் சாக்லேட், கண்ணாடிப் பாத்திரம், போர்வை என்று கை நீளும். அது அவரவர் சொந்தப் பணம். பொதுப் பையைத் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள். தன் கைக் காசு குறைவதைக் காணும் பிள்ளை தானே கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

மூன்று, சமையல். வாடகை வீட்டில் சமைத்தால் செலவு பாதியாகக் குறையும். உண்மைதான். ஆனால் ஊரில் விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், லங்காவியிலும் அடுப்படியிலேயே நின்றால் அவர்களுக்கு விடுமுறை எங்கே? முதல் நாளுக்குப் புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் ஆண்கள் மீன் வாங்கிச் சமைக்கட்டும். ஒரு வேளை எல்லாரும் கடையில் சாப்பிடட்டும். அந்தக் கடைச் செலவையும் சேர்த்தே 25 வெள்ளி என்று போட்டிருக்கிறேன்.

கடலில் சிக்கனம் கூடாத இடம்

எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். உயிர்ப் பாதுகாப்பில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நம்மில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு.

படகு பேசும்போதே எத்தனை பேர் ஏற உரிமம் இருக்கிறது என்று கேளுங்கள். கைக்குழந்தையும் ஒரு தலைதான். பத்துப் பேர் படகில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொள்கிறேன் என்று படகுக்காரர் தாராளம் காட்டினால், அந்தப் படகு வேண்டாம். இரண்டு படகாகப் பிரிந்து போங்கள். அவசரத்துக்கென்று ஒதுக்கிய பணம் இதற்குத்தான்.

மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் இருக்க வேண்டும். பெரியவர் சட்டை சிறு பிள்ளைக்குக் கழுத்து வழியே கழன்றுவிடும். படகு ஓடும்வரை யாரும் கழற்றக் கூடாது. வானம் இருண்டு படகோட்டி ‘இன்று வேண்டாம்’ என்றால், கொடுத்த பணத்தை நினைத்து வற்புறுத்தாதீர்கள். அதனால்தான் படகுப் பயணத்தை முதல் நாளில் வைக்க வேண்டும் என்கிறேன். அன்று முடியாவிட்டால் மறுநாள் இருக்கிறது. ஆபத்து என்றால் 999-ஐ அழையுங்கள். அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

முன்பணம் கட்டும்போதும் எச்சரிக்கை வேண்டும். கைத்தொலைபேசியில் அழகான படம் காட்டி, குறைந்த விலை சொல்லி, தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு குடும்பம் அப்படிப் பணம் போட்டுவிட்டு, சொன்ன விலாசத்தில் வீடே இல்லாமல் நின்றது. பயண நிறுவனம் என்றால் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள். ஏற்கெனவே போய் வந்த உறவினர், நண்பர்களிடம் விசாரிப்பதுபோல் நல்ல வழி வேறில்லை.

மலைவாசிகளுக்கு இன்னும் ஒரு குறிப்பு. நம் உடம்பு குளிருக்குப் பழகியது. திறந்த படகில் உச்சி வெயில் தோலை உரித்துவிடும். தொப்பி, முழுக்கைச் சட்டை, குடிதண்ணீர் மூன்றும் கட்டாயம். கடல் மயக்கம் வருபவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறாமல், லேசாகச் சாப்பிட்டு, ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

இந்த மாதமே தொடங்கலாம்

இந்த மாதம் கூட வரும் குடும்பங்களைப் பேசி முடியுங்கள். அடுத்த மாதம் விலைகளை விசாரித்து நோட்டில் எழுதுங்கள். நான்காம் மாதத்துக்குள் தேதியை முடிவு செய்து விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். ஆறாம் மாதம் வீட்டுக்கு முன்பணம். எட்டாம் மாதம் வேனுக்கு. ஒன்பதாம் மாதம் படகுக்கு. பத்தாம் மாதம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நோட்டுப் புத்தகத்தை எழுதும் வேலையை வீட்டில் மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். வகுப்பில் நாங்கள் கற்றுத் தரும் கூட்டலும் வகுத்தலும் அங்கே உயிர் பெறும். வாரம் 40 வெள்ளி எப்படி ஒரு படகாக, ஒரு வீடாக, பன்னிரண்டு பேரின் சாப்பாடாக மாறுகிறது என்பதைத் தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை, நாளை சம்பளம் வாங்கும்போது கடன்காரரைத் தேடிப் போகாது. அந்தப் படிப்புக்கு மட்டுமே 1,600 வெள்ளி கொடுக்கலாம். கடல் அதற்கு மேலே கிடைப்பது.